மைக்கில் சொன்ன சொல்

எங்கள் குழுவில் இப்போது பாடுகிற பெண் சென்ற மாதம் ஆனையூரில் என் வீட்டுக்கு வந்தாள். இசைக் கலைஞர் சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கு ஒரு கட்டுரை தர வேண்டுமாம். காபியைக் குடித்து முடித்ததும் அவள் கேட்டாள்.

"அக்கா, நேத்து ஒரு காலேஜில பாடுனோம். எல்லாரும் ரோஸ் கலர் ரிப்பன் குத்திக்கிட்டு மார்பகப் புற்றுநோயப் பத்திப் பேசுனாங்க. பிரின்சிபாலே பேசுனாரு. பசங்க கைதட்டுனாங்க. இதையே நீங்க மேடையில சொன்னதுக்குத்தான் கல்யாண வீட்டுக்காரங்க உங்களக் கூப்பிடாம விட்டாங்கன்னு சொல்றாக. நெசமா?"

"நெசந்தான்" என்றேன்.

"அப்ப அதையே எழுதிக் குடுங்க. நான் போயிட்டு வாரேன்" என்று ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் போன பிறகு வீடு வழக்கம்போல் ஆனது. மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். அந்தச் சத்தத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நான் பிறந்தது பரவைக்கு மேற்கே ஒரு சின்ன ஊரில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். என் படிப்பு பத்தாவதோடு நின்றது, பாட்டு நிற்கவில்லை. திருவிழாப் பாட்டுப் போட்டி ஒன்றுக்கு நடுவராக வந்த தனபால் அண்ணன் என்னைத் தன் மெல்லிசைக் குழுவில் சேர்த்துக்கொண்டார். சுருதி, தாளம், மைக் பிடிக்கிற விதம் எல்லாம் அவரிடம் திட்டு வாங்கிக் கற்றவை. அதன் பிறகு குரல் ஓய்கிற வரைக்கும் அவர் குழுவை விட்டு நான் வேறெங்கும் போகவில்லை.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கீபோர்டு வாசிப்பவர். ஒல்லியான ஆள். எந்த ஊர்க் கச்சேரியாக இருந்தாலும் வெயில் இறங்குவதற்குள் போய்விடுவார். மைக்செட்காரர் ஸ்பீக்கர் கட்டி முடித்ததும் என்னை மேடையில் நிறுத்திப் பாடச் சொல்லிவிட்டு, அவர் மைதானத்தின் கடைசிக்கு நடந்து போவார். அங்கே நின்று கையைத் தூக்குவார். கை மேலே இருக்கும்வரை சொல் ஒவ்வொன்றும் அவருக்குத் தெளிவாகக் கேட்கிறது என்று அர்த்தம். ஒரு சொல் மங்கினாலும் கை இறங்கிவிடும். 'ப' என்ற எழுத்து வரும்போது முகத்தைக் கொஞ்சம் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் மைக்கில் பொத்தென்று காற்று அடிக்கும். அதற்காக ஒரே வரியை அவர் என்னைத் திரும்பத் திரும்பப் பாட வைத்திருக்கிறார். "சமையக்கட்டுல வேலை பாத்துக்கிட்டு இருக்கிற பொம்பளைக்கும் வார்த்தை புரியணும்மா. முன் வரிசைக்காரனுக்கு எப்படியும் கேக்கும்" என்பார். பாராட்டுகிற பழக்கம் அவருக்கு இல்லை. பாட்டு நன்றாக அமைந்துவிட்டால் "அடுத்து" என்பார். அமையாவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார்.

எனக்குச் சொந்தமாகப் பாட்டுக் கட்டும் பழக்கம் இருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் மெட்டு வந்துவிடும். மெட்டு வந்தால் சொல் பின்னாலேயே வரும். ஆனால் மெல்லிசை மேடையில் சொந்தப் பாட்டை யார் கேட்பார்கள்? சனங்களுக்கு சினிமாப் பாட்டுதான் வேண்டும். அண்ணன் ஒரு ஏற்பாடு செய்தார். ஒரு கச்சேரிக்கு ஒரு பாட்டு, அதுவும் ஊர்ப் பெரியவர்களுக்குப் பொன்னாடை போர்த்தி முடிந்து, பாதிக் கூட்டம் டீக்கடைக்கு எழுந்து போகிற நேரத்தில். காலி நாற்காலிகளைப் பார்த்துத்தான் நான் என் பாட்டுகளைப் பாடக் கற்றேன். மில் வேலை முடிந்து பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு பெண்ணைப் பற்றி நான் கட்டிய பாட்டு அப்படித்தான் மெல்லமெல்லப் பரவியது. "பஸ்ஸுப் பாட்டப் பாடு" என்று கூட்டத்திலிருந்து சத்தம் வர ஆரம்பித்தது. டவுனில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் ஏழெட்டுப் பாட்டுகளைப் பதிவு செய்து கேசட் போட்டோம். டீக்கடைகளில் ஓடியது. பரவை மார்க்கெட்டில் லாரியிலிருந்து தக்காளிப் பெட்டி இறக்குகிறவர்கள் என் பாட்டை முணுமுணுப்பதை ஒருமுறை கேட்டேன். பக்கத்தில் நிற்கிற நான்தான் அதைப் பாடியவள் என்று அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. என் தொழிலில் நான் பார்த்த பெரிய சந்தோஷம் அது.

கல்யாணம் எனக்கு அமையவில்லை. கச்சேரிக்குப் போகிற பெண் என்று இரண்டு இடம் தட்டிப்போனது. அதற்குப் பிறகு யாரும் பேச்செடுக்கவில்லை. அம்மா இறந்த பிறகு தம்பி திருப்பூருக்குப் போய்விட்டான். ஆனையூரில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருந்தேன்.

ஒருநாள் குளிக்கும்போது இடது மார்பில் புளியங்கொட்டை போல ஒன்று விரலில் தட்டுப்பட்டது. வலி இல்லை. மறுநாளே பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். படம் எடுத்தார்கள், ஊசி வைத்துச் சதை எடுத்துச் சோதித்தார்கள். மார்பை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா தணிந்த குரலில் சொன்னார். ஆபரேஷனுக்குத் தம்பி வந்திருந்து, தையல் பிரிக்கும்வரை இருந்துவிட்டுப் போனான். மருந்து ஏற்றுவதற்கும், பிறகு கரண்டு என்று சொல்கிற கதிர்வீச்சு வைப்பதற்கும் நான் தனியாகவே போய் வந்தேன். முடி முழுக்கக் கொட்டியது. நோயைவிட என்னை அதிகம் வருத்தியது மனிதர்களின் வாய்தான். பார்க்க வந்தவர்கள் வெயிலைப் பற்றிப் பேசினார்கள், தண்ணீர் வராததைப் பற்றிப் பேசினார்கள். நோயின் பெயரை ஒருவர்கூட உச்சரிக்கவில்லை. கீழ் வீட்டம்மா நல்ல மனுஷி. நாள் தவறாமல் ரசம் சாதம் கொண்டுவந்து வாசல்படியில் வைப்பார். டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுத்தபோது, "நீங்களே வச்சுக்கங்க, எங்களுக்கு வேற இருக்கு" என்றார். ஒட்டிக்கொள்கிற நோய் என்று நினைத்துவிட்டார். அவருடைய டப்பாக்கள் என் அலமாரியில் வரிசையாக அடுக்கிக் கிடந்தன.

முடி கொஞ்சம் முளைத்த பிறகு தனபால் அண்ணன் வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

"நாகமலை புதுக்கோட்டைப் பக்கத்துல ஒரு கோயில் திருவிழா. வாரியாம்மா?"

"குரல் எப்படி இருக்குன்னு எனக்கே தெரியலண்ணே. மூச்சு பத்தல."

"உன் பாட்டெல்லாம் ஒரு கட்டை இறக்கி வச்சிருக்கேன். பசங்களும் பழகிட்டாங்க."

அவ்வளவுதான் பேசினார். நான் படுத்திருந்த நாட்களில் அவர் என் பாட்டுகளையெல்லாம் சுருதி இறக்கிக் குழுவைப் பழக்கி வைத்திருக்கிறார். அவர் படி இறங்கிப் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மேடைக்கு என்ன உடுத்துவது என்பது பெரிய பிரச்சினையாக இருந்தது. ஜாக்கெட்டுக்குள் பஞ்சு வைத்தால் எடை இல்லாமல் மேலே ஏறும். அதனால் துணிப் பை ஒன்று தைத்து, பஞ்சோடு ஒரு கைப்பிடி கம்பு தானியமும் போட்டு எடை கட்டினேன். வீட்டில் நடந்து பார்த்தேன், சரியாக இருந்தது. மேடையில் நாலாவது பாட்டு ஆடிப் பாட வேண்டிய பாட்டு. பாதியில் அந்தப் பை நகர்ந்து கழுத்துப் பக்கம் ஏறிவிட்டது. எனக்குத் தெரியவில்லை. முன்னால் இருந்த பையன்கள் சிரித்தார்கள். ஒருவன் இன்னொருவன் தோளைத் தட்டிக் காட்டினான். குனிந்து பார்த்தபோதுதான் புரிந்தது.

திரும்பிக்கொண்டு சரிசெய்திருக்கலாம். வழக்கமாகப் பெண்கள் அதைத்தான் செய்வோம். என் கை அதற்குத்தான் போனது. ஆனால் மைக் வாய்க்கு நேராக இருந்தது. நான் பேசிவிட்டேன்.

"எனக்கு மார்புல புற்றுநோய் வந்துச்சு. ஒரு பக்கம் எடுத்துட்டாங்க. இது பஞ்சு. அதான் நகந்துருச்சு. வலிக்காத கட்டிதான்னு நான் இருந்திருந்தா இன்னிக்கு உங்க முன்னாடி நின்னுருக்க மாட்டேன். பொம்பளைக எல்லாரும் குளிக்கும்போது தடவிப் பாருங்க."

ஸ்பீக்கரின் இரைச்சல் மட்டும் கேட்டது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன். பின்னாலிருந்து தனபால் அண்ணன் குரல் வந்தது.

"அடுத்து."

கீபோர்டில் அடுத்த பாட்டின் தொடக்கம் எழும்பியது. பாடினேன்.

கச்சேரி முடிந்ததும் விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் கோபமாக வந்தார். "என்ன தனபால் அண்ணே, சாமி மேடையில மாரு அது இதுன்னு பேச விடுறீக? குடும்பத்தோட உக்காந்திருக்கோம்."

அண்ணன் வயரைச் சுருட்டிக்கொண்டே பதில் சொன்னார். "அந்தப் புள்ள நோயச் சொன்னுச்சு. சாமி முன்னாடி சொல்லாம வேற எங்க போயி சொல்லும்?"

அந்த ஊரிலிருந்து செய்தி பரவியது. கல்யாண வரவேற்புக்குக் கச்சேரி பேச வருகிறவர்கள் "அந்தம்மா மட்டும் வேண்டாம்ணே, நல்ல காரியம்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அண்ணன் கல்யாணங்களுக்கு வேறு பெண்ணை அழைத்துப் போனார், திருவிழாக்களுக்கு என்னை. முகூர்த்த நாட்களில் நான் வீட்டிலேயே இருப்பேன். தூரத்து மண்டபத்திலிருந்து பாட்டுச் சத்தம் வந்தால் அது எங்கள் குழுவா என்று காது தானாகத் தேடும்.

ஆனாலும் பேசுவதை நான் விடவில்லை. அதற்கென்று ஒரு பாட்டும் கட்டினேன். 'அறிகுறி அறிவீர், ஆஸ்பத்திரி செல்வீர்' என்று போகும். அண்ணனிடம் பாடிக் காட்டினேன். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "இது நோட்டீஸும்மா. பாட்டு இல்ல. பஸ்ஸுப் பாட்டுல பஸ்ஸுல ஏறுங்கன்னா பாடுன?" என்றார். வீட்டுக்கு வந்து யோசித்தேன். வீடு நிறைய ஆள் இருக்கிற பெண்ணுக்குத் தனியாக இருக்கக் கிடைப்பது குளிக்கிற நேரம்தான். அங்கிருந்து தொடங்கினேன்.

எல்லாருக்கும் ஆக்கிப் போட்ட கையி
எனக்குன்னு வந்து சோப்பு போடும் கையி
ஒரு நிமிசம் நில்லு கையே
ஒளிஞ்சிருக்கத தேடு கையே

இதைப் பாடிய ஊர்களில் கச்சேரி முடிந்ததும் ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் பெண்கள் வந்து நிற்பார்கள். கூட்டமாக வர மாட்டார்கள், ஒவ்வொருவராக வருவார்கள். பாட்டைப் பற்றி ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். "வலிக்குமா?" என்று கேட்பார்கள். "எம்புட்டுப் பெருசா இருக்கும்?" என்று கேட்பார்கள். பலருக்குப் பயம் மட்டும்தான், நோய் இருக்காது. சிலரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறேன். அவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். பரவையம்மா என்று வைத்துக்கொள்கிறேன்.

காய்கறி மொத்த வியாபாரம் செய்கிற வீட்டுக்காரம்மா. நிலமும் தோட்டமும் உள்ள குடும்பம். எங்கள் அம்மா நடவு நட்டது இவர்களைப் போன்றவர்கள் வயலில்தான். அவர்கள் வீட்டு முற்றத்தைத் தாண்டி அம்மா உள்ளே போனதில்லை. அந்த அம்மா வந்து என் எதிரே நின்று, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, எனக்கு இருக்கு. கொஞ்ச நாளாவே இருக்கு. யாருக்கும் தெரியாம பாக்க முடியுமா?"

"வீட்டுல சொல்லலையா?"

"பொண்ணுக்கு மாப்பிள்ளை பேசிக்கிட்டு இருக்காக. தாய்க்கு இப்படின்னு தெரிஞ்சா மகளுக்கும் வரும்னு சொல்லிருவாக. அவ வாழ்க்கை என்னத்துக்காகும்?"

முட்டி வலிக்குக் காட்டப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு அவர் வந்தார். படம் எடுக்கிற அறை வாசல்வரை கூடப் போனேன். உள்ளே என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தேன். இடுப்புக்கு மேலே துணி இருக்காது, ஆனால் உள்ளே இருப்பது பெண்தான். மார்பை ஒரு தட்டின்மேல் வைத்து மேலேயிருந்து இன்னொரு தட்டால் அழுத்துவார்கள். தட்டு சில்லென்று இருக்கும். அழுத்தும்போது வலிக்கும், மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றால் சீக்கிரம் முடிந்துவிடும். எனக்கு இதையெல்லாம் யாரும் சொல்லாததால் நான் பட்ட பயம் அவருக்கு வேண்டாம் என்று நினைத்தேன். வெளியே வந்தவர், "நீ சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு" என்றார். பிறகு ஊசிப் பரிசோதனை. முடிவு வந்தபோது அவர் அழவில்லை. காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "எங்க வீட்டுக்காரர்ட்ட நீதான் சொல்லணும்" என்றார்.

அவர் கணவரை ஆஸ்பத்திரிக்கே வரவழைத்தோம். வேப்பமரத்தடிப் பெஞ்சில் உட்காரவைத்து நான்தான் சொன்னேன். வெள்ளை வேட்டி, பெரிய மீசை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கேட்டு முடித்துவிட்டு, "பொண்ணு கல்யாணம் முடியட்டும். அப்புறம் பாப்போம்" என்றார்.

"அம்புட்டு நாள் தாங்காதுண்ணே."

"கட்டி என்ன ஓடியா போயிரும்?"

"ஓடும்ணே. அக்குளுக்கு ஓடும். அங்கயிருந்து எலும்புக்கு ஓடும். அப்ப பாக்க ஒண்ணும் இருக்காது."

அவர் எழுந்து போனார். குழாயடியில் வெகுநேரம் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். துண்டால் துடைத்துக்கொண்டே திரும்பி வந்து, "எங்க கையெழுத்து போடணும்?" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். "ஒண்ணு மட்டும் சொல்றேன், தப்பா நினைக்காதீக. இனிமே நீங்க எங்க வீட்டுப் பக்கம் வரப்படாது. உங்களுக்கு என்ன நோய்னு ஊருக்கே தெரியும். உங்களோட பாத்தா இவளுக்கும் அதான்னு தெரிஞ்சு போயிரும்."

நான் மேடையில் சொன்ன சொல் எனக்கு என்ன செய்தது என்று அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது. பேசாத நோயைப் பேசவைக்க நினைத்தேன். அந்த நோய்க்கு நானே அடையாளமாகிப் போனேன். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னதில் தப்பும் இல்லை, அந்த ஊரை எனக்கும் தெரியும். "சரிண்ணே" என்றேன்.

கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொந்தக்காரர்களுக்குச் சொன்னார்கள். நான் வார்டுக்குப் போவேன். ஆள் இல்லாத நேரத்தில் அவருக்குக் கைப் பயிற்சி சொல்லிக் கொடுப்பேன். சுவரைப் பார்த்து நின்று, விரல்களை எறும்பு ஊர்வதுபோல் மேலே மேலே ஏற்ற வேண்டும். வலித்த இடத்தில் நிறுத்தி, மறுநாள் அதைவிடக் கொஞ்சம் மேலே. இல்லாவிட்டால் கை மடங்கிய நிலையிலேயே நின்றுவிடும். வாசலில் சொந்தக்காரர்கள் தலை தெரிந்தால் நான் சட்டென்று நகர்ந்து அடுத்த கட்டிலில் உட்கார்ந்துகொள்வேன். அங்கே உசிலம்பட்டிப் பக்கத்துப் பாட்டி ஒருவர் படுத்திருந்தார். "சாப்டீகளா, தூங்குனீகளா" என்று அவரோடு பேசிக்கொண்டிருப்பேன். நாலடி தூரத்தில் பரவையம்மா தன் நாத்தனாரிடம் கர்ப்பப்பையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். ஒருமுறைகூட என் பக்கம் திரும்பியதில்லை. அந்தப் பாட்டிதான் ஒருநாள், "எனக்காகத்தான் வாரியாக்கும்னு நெனச்சேன் தாயி" என்றார். அதற்குப் பிறகு அவருக்காகவும் போனேன்.

பரவையம்மா தேறிவிட்டார். மருந்தெல்லாம் முடித்தார். அவர் மகள் கல்யாணம் நடந்தது. எனக்குப் பத்திரிகை வரவில்லை, வரும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. திண்டுக்கல் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது மண்டபத்து வாசலில் பெரிய பிளெக்ஸ் போர்டு பார்த்தேன். மணமக்களுக்குப் பக்கத்தில் பட்டுச்சேலையில் அவர் நின்றிருந்தார். தலையில் பூ வைக்கிற அளவுக்கு முடி வளர்ந்திருந்தது. பஸ் சிக்னலில் நின்ற நேரமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்த மண்டபத்தில் பாடியது வேறு குழு.

பிறகு, ஆபரேஷனால் வந்த இடது கை வீக்கம் எனக்குக் கூடியது. மூச்சும் குறைந்தது. கடைசி வரிசைக்குச் சொல் போய்ச் சேரவில்லை என்று எனக்கே தெரிந்த நாளில் அண்ணனிடம் போதும் என்றேன். அடுத்த வருடம் அவரும் காலமாகிவிட்டார். இப்போது அவர் மகன் குழுவை நடத்துகிறார். பாதி வாத்தியம் கம்ப்யூட்டரிலிருந்தே வருகிறது. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. சோற்றுக்கு வழி இருக்கிறது. பேச ஆள்தான் இல்லை. சில நாள் சாயங்காலம் ஆனபிறகுதான் அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை என்று உறைக்கும்.

இதை எழுதிக்கொண்டிருந்த வாரத்தில் ஒரு காலையில் கதவைத் தட்டினார்கள். முப்பது வயது மதிக்கத்தக்க பெண், கையில் ஹெல்மெட். கண் சிவந்திருந்தது.

"பாடுற அக்கா வீடு இதானே?"

"இதான். உள்ள வாம்மா."

"பரவையிலருந்து எங்க சின்னம்மா அனுப்புச்சாங்க. யாருன்னு கேட்டா சொல்லக்கூடாதுன்னாங்க."

நான் கேட்கவில்லை. "எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டேன். அவள் வலது பக்கம் கை வைத்தாள்.

சேலையை மாற்றிக்கொண்டு அவளோடு கிளம்பினேன். படம் எடுக்கிற அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது தட்டு சில்லென்று இருக்கும் என்பதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலையாட்டிக் கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "சின்னம்மா உங்களப் பத்தி வீட்டுல அடிக்கடி பேசுவாங்க. பொம்பளைங்க மட்டும் இருக்கும்போது. 'எங்க அக்கா'ன்னுதான் சொல்லுவாங்க. அவங்களுக்கு ஏது அக்கான்னு நாங்க யோசிப்போம்" என்றாள்.

உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். ஹெல்மெட்டையும் கைப்பையையும் என் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். கதவுவரை போனவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நான் இங்கேதான் இருக்கிறேன் என்று தலையை அசைத்தேன். கதவு சாத்திக்கொண்டது.